மச்சானின் கால்

பேருந்து நிலையத்தின் விசாரணைக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குத் தெரியாத வழியே கிடையாது. எந்த ஊர் வண்டி எந்த வரிசையில் நிற்கும், எது பாதி வழியில் பழுதாகிக் கிடக்கிறது, கழிப்பறை எந்தப் பக்கம், இன்றைக்கு அதில் தண்ணீர் வருகிறதா என்பது வரைக்கும் நாக்கு நுனியில் வைத்திருப்பார். கண்ணாடியில் ஆரஞ்சுப் பழம் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கேள்வி உள்ளே வரும். மைக் வழியாகப் பதில் வெளியே போகும். கேட்டதற்கு மட்டும் பதில் என்பது அவருடைய தொழில் நெறி. "கடைசி வண்டி போயிடுச்சா?" என்றால் "போயிடுச்சு" என்பார். போய்ச் சேர வேறு வழி உண்டா என்று தெரிய வேண்டுமானால் அதையும் கேட்டாக வேண்டும். கேட்கத் தெரியாதவர்கள் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு 'மைக் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஊருக்கெல்லாம் வழி சொல்லும் இந்த மைக் சார் தன் உடம்பைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. சர்க்கரை என்று சொன்ன அன்றைக்கே டாக்டர், "ஏதாவது கேக்கணுமா?" என்றார். கேட்க நிறைய இருந்தது. ஆனால் கதவுக்கு வெளியே வரிசை நின்றது. முன்னால் இருக்கிறவன் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிறவர்கள் என்னவெல்லாம் முணுமுணுப்பார்கள் என்பது உலகத்தில் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டார். வரிசைக்கு மரியாதை கொடுத்த பெருமிதம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்றுகூடக் கேட்கவில்லை என்பது தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. யோசித்துப் பார்த்து, பாதிச் சாப்பாட்டில் போட்டுக்கொண்டார்.

சில மாதம் கழித்து ரத்தத்தைச் சோதித்தபோது அளவு சரியாக இருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்பது அதன் பொருள். மைக் சார் புரிந்துகொண்டது வேறு. "சர்க்கரை போயிடுச்சு" என்று மனைவியிடம் சொன்னார், வண்டி கிளம்பிவிட்டதை அறிவிக்கும் அதே குரலில். மாத்திரையைக் கைகழுவினார். டீக்குள் சர்க்கரை மறுபடி குடியேறியது. அவள் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தாள். ஆனால் அந்தக் குரலை நம்பித்தான் ஊரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, அவள் மட்டும் என்ன செய்வாள்.

பிறகு வேலையிடத்தில் புதுச் சீருடையோடு கறுப்பு ஷூ கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கியது போன்ற ஷூ. மற்றவர்கள் எல்லாம் காலைக் கடிக்கிறது என்று புலம்பினார்கள். மைக் சாருக்கு ஒன்றுமே தெரியவில்லை. "நடக்கத் தெரியணும்ப்பா" என்று அவர்களுக்கு அறிவுரைகூடச் சொன்னார். ஒரு மாலை சாக்ஸைக் கழற்றினால் அது இடது சுண்டுவிரலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலின் பக்கவாட்டில் ஒரு புண், நடுவில் வெளுத்து, ஓரம் சிவந்து. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். வலியே இல்லை. பலமாக அமுக்கினார். அப்போதும் இல்லை. வலிக்கவில்லையென்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று முடிவு செய்து, வீட்டில் எல்லாவற்றுக்கும் தடவுகிற களிம்பையே அதற்கும் தடவினார். தன் உடம்பு இவ்வளவு தாங்கக்கூடியது என்பதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

வாரங்கள் போயின. புண் போகவில்லை. கொஞ்சம் அகலமாகியிருந்தது போல, கொஞ்சம் வாடை வந்தது போல இருந்தது. அந்த 'போல'வைப் பிடித்துக்கொண்டே மேலும் சில நாள் ஓட்டினார். மனைவி கண்ணில் படாமலிருக்க வீட்டுக்குள்ளும் சாக்ஸோடு நடமாடினார். "குளிருதா?" என்று அவள் கேட்டாள். "லேசா" என்றார். புண்ணைக் காட்டினால் சர்க்கரை நிஜமாகவே போனதா என்று கேட்பாள். கேட்டால், டாக்டர் சொல்லாமல் தானாக நிறுத்திய மாத்திரையைச் சொல்ல வேண்டும். ஒன்றை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும்.

அவருடைய கூண்டுக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பக்கத்து வட்டார சுகாதார நிலையத்துக்காரர்கள் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் எழுத்துகள் இடம் வலமாகப் புரண்டு தெரியும். பல மாதமாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே போய்த் தன் கூண்டுக்கு முன்னால் தானே நின்றார். 'சர்க்கரை நோயோடு வாழ்கிறீர்களா? கேளுங்கள், சொல்கிறோம்' என்று போட்டு ஒரு தொலைபேசி எண். அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து பையோடு ஒரு பெண்மணி, "ஐயா, கேக்கறதுன்னா கேளுங்க, இல்லேன்னா தள்ளுங்க" என்றார்.

"படிச்சுட்டு இருக்கேம்மா."

"படிக்கறதுக்கு லைப்ரரி இருக்கு. இது கேக்கற இடம்."

கூண்டுக்குள் மாற்றாளாக உட்கார்ந்திருந்த டிக்கெட் கிளார்க் சிரிப்பை அடக்க மைக்கை அணைத்தார்.

பழைய பெயர்ப்பலகைகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தார். ஒரு பெண் குரல் எடுத்தது.

"வணக்கம், நர்ஸ் பேசறேன். சொல்லுங்க."

"ஒரு விவரம் வேணும். கால்ல சின்னதா ஒரு புண். வலி இல்ல. என்ன மருந்து போடலாம்?"

"யாருக்கு?"

மைக் சார் திகைத்துப்போனார். கேள்வி கேட்டவனையே திருப்பிக் கேள்வி கேட்கும் விசாரணையை அவர் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை. இது எந்த ஊர் நியாயம்? பழகாத வேலை என்பதால் வாய் தானாக ஒரு பொய்ப் பக்கம் ஒதுங்கியது.

"என் மச்சானுக்கு."

"மச்சானுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இருந்துச்சு. போயிடுச்சு."

"ஓ. எங்க போச்சு?"

அவர் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மாத்திரை எடுத்துக்கறாரா?"

"நிறுத்திட்டான்."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அவன் கொஞ்சம் கெட்டிக்காரன்."

"புண் வந்து ஒரு மாசம் இருக்குமா?"

"இருக்கும். ஆனா துளிகூட வலி இல்லைங்க" என்றார், மச்சான் சார்பாகப் பெருமையோடு.

"அதாங்க எனக்குப் பயமே" என்றாள் நர்ஸ். "சர்க்கரை அதிகமாவே இருந்தா கால் நரம்பு மரத்துப் போயிடும். வலிச்சாத்தானே மனுஷன் குனிஞ்சு பாப்பான்? வலிக்கலேன்னா அதே செருப்பைப் போட்டுக்கிட்டு அதே புண் மேல நடந்துட்டே இருப்பான். அது உள்ள போயிட்டே இருக்கும். எலும்பைத் தொட்டா விரலை எடுக்க வேண்டியதுதான். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க."

"இன்னிக்கு அவனுக்கு டூட்டி."

"அப்ப நாளைக்கு. நாளைக்குச் சனிக்கிழமை, லைப்ரரி பின்ரூம்ல எங்க சர்க்கரைக்காரங்க கூட்டம். நான் இருப்பேன். வர்ற வரைக்கும் அந்தக் கால்ல ஷூ போட வேணாம்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கறுப்பு ஷூ பளபளவென்று இருந்தது. அதற்குள் ஒரு விரல் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. 'ஷூ போட வேணாம்னு மச்சான்கிட்ட சொல்லணும்' என்று நினைத்துக்கொண்டே அதே ஷூவோடு கூண்டுக்குத் திரும்பினார். நல்ல ஆளய்யா நீ, என்று கண்ணாடியில் தெரிந்தவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டதும் உண்டு.

சனிக்கிழமை தனியாகத்தான் போனார். முதலில் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு சாக்கு. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், ஒரு டாக்ஸி டிரைவர், இன்னும் சிலர். போனில் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரியான நர்ஸ் குள்ளமாக, வேகமாக இருந்தாள்.

"மச்சான் எங்க?"

"வரல. வேலை."

"அவரு வேற வந்துட்டா எப்படி! கூட இருக்கறவங்களை அனுப்பிட்டுத் தான் ஜாலியா இருப்பாங்க" என்றார் தலைமை ஆசிரியை. "உக்காருங்க தம்பி. சொல்லுங்க, என்னதான் பண்றாரு உங்க மச்சான்?"

சொல்ல ஆரம்பித்தபோது கூச்சமாக இருந்தது. ஆனால் சொல்லச் சொல்லக் கூச்சம் விட்டுப்போனது. மச்சான் மாத்திரையை நிறுத்தியது, டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வது, சாக்ஸோடு தூங்குவது எல்லாம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் ஒரு 'அடப்பாவி' விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மச்சானைத் திட்டுவதில் மைக் சாருக்கே ஒரு ருசி வந்துவிட்டது.

"சொன்னா கேக்க மாட்டான் மேடம். தனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நெனப்பு."

"வீட்டுக்காரிக்குத் தெரியுமா?"

"மறைச்சிட்டான்."

"அந்தப் பொண்ணு பாவம்" என்றார் ஆசிரியை. "நீங்களும் பாவம். இப்படி ஒரு ஆளை வச்சுக்கிட்டு எப்படித்தான் சமாளிக்கறீங்களோ."

"பழகிடுச்சு மேடம்" என்றார். தன்னோடு தான் குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று இதுவரை யாரும் அவருக்கு ஆறுதல் சொன்னதில்லை.

டாக்ஸி டிரைவர் சட்டையைக் கொஞ்சம் தூக்கி, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் இடத்தைத் தட்டிக் காட்டினார். "நானும் உங்க மச்சான் மாதிரி ஒரு முட்டாள்தான் சார். ஊசின்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சு ரெண்டு வருஷம் ஓடினேன். இங்க வந்து இவங்க பேசறதைக் கேட்ட அப்புறம்தான் நின்னேன். இப்ப வண்டியும் ஓடுது, நானும் ஓடறேன்."

நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து, உள்ளங்காலை எப்படிப் பார்ப்பது என்று காட்டினாள். ஷூவைப் போடும் முன்னால் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், புண்ணை வெந்நீரில் ஊற வைக்கக் கூடாது, பிளேடால் சீவக் கூடாது. மைக் சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், மச்சானுக்காக. கிளம்பும்போது அவள் மறித்தாள்.

"திங்கக்கிழமை காலையில சுகாதார நிலையத்துல இருப்பேன், டாக்டரும் இருப்பாரு. வரலேன்னா நானே வீட்டுக்கு வந்துடுவேன். அட்ரஸ் குடுங்க."

"வீட்டுக்கா? வேணாம் வேணாம். கூட்டிட்டு வரேன்."

"நான் வந்து தூக்கிட்டு வரேன் சிஸ்டர்" என்று டாக்ஸி டிரைவர் சொன்னார். "இந்த மாதிரி ஆளை எல்லாம் சொல்லிக் கூப்பிட்டா வராது. சார், உங்களை பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்கேன், காலையில உங்க கூண்டுக்கு வரேன். மச்சான் இருக்கற இடத்தைக் காட்டினா போதும்."

ஞாயிற்றுக்கிழமை பூராவும் மைக் சார் தன் புத்தியை மெச்சிக்கொண்டு கிடந்தார். ஒரு சுண்டுவிரலை மறைக்க ஒரு மச்சானை உண்டாக்கி, அவனுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்து, இப்போது அவனை ஏற்றிப்போக டாக்ஸி வருகிறது. டிரைவருக்குப் பிடி கொடுக்காமல் நழுவினால் நர்ஸ் எப்படியாவது அட்ரஸைக் கண்டுபிடித்து வீட்டு வாசலில் நிற்பாள்; கதவைத் திறப்பது மனைவி. மச்சான் என்று ஒருவன் இருக்கத்தான் இருந்தான், மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் கடை. கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு.

திங்கட்கிழமை டாக்ஸி கடை முன்னால் நின்றது. மச்சான் ஒரு பிரிட்ஜின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, டாக்ஸியெல்லாம்?"

"இலவசமா உடம்பு பாக்கறாங்கடா. ஏறு."

"எனக்கென்ன மாமா கேடு?"

"ஏறுன்னா ஏறேன்டா."

மாமா கேட்டு அவன் எதையும் மறுத்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஏறினான். தெரு முனை திரும்புவதற்குள் டிரைவர் ஆரம்பித்துவிட்டார்.

"கொஞ்சம் கெட்டிக்காரராமே நீங்க."

"யாரு சொன்னா?"

"மாமாதான்."

மச்சானுக்கு முகம் மலர்ந்தது. "அப்படியா மாமா?"

மாமா ஜன்னல் வழியாகக் கடைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்டாட்டிகிட்ட மறைக்கலாமா இதை? அந்தம்மாவுக்கு எவ்வளவு வருத்தமா இருக்கும்?"

"எதை மறைச்சேன்?" மச்சானின் முகத்தில் மலர்ந்தது பாதியில் நின்றது. "மாமா, இவரு என்ன சொல்றாரு? வீட்ல ஏதாச்சும் பேச்சா?"

"அதெல்லாம் இல்ல. பேசாம வா."

"பேசாமதான் இருப்பாங்க" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் தலையை ஆட்டினார். "கால் நாறினாலும் பேசாமதான் இருப்பாங்க."

மச்சான் தன் காலைக் குனிந்து பார்த்தான். மோந்துகூடப் பார்த்தான். அப்புறம் மாமாவின் முகத்தைப் பார்த்தான். முழுவதும் புரியாவிட்டாலும், இதில் மாமாவுக்கு ஏதோ ஒரு சங்கடம் இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். டிரைவரின் முதுகைப் பார்த்து, "இனிமே ஒழுங்கா இருக்கேங்க" என்றான். மைக் சாருக்கு அந்த நேரத்தில் டாக்ஸியின் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிடலாம் போலிருந்தது. காலில் புண் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தார்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "வாங்க மச்சான், வாங்க. ஷூவைக் கழட்டுங்க. இடது கால்."

அவன் கழற்றினான். கழுவித் துடைத்து வைத்தது போன்ற கால். விரல் நகம் ஒவ்வொன்றிலும் ஊதாச் சாயம், ஓரம் எல்லாம் வழிந்திருந்தது.

"எம்பொண்ணு பூசிவிட்டா" என்றான் வெட்கத்தோடு. "அஞ்சு வயசு."

நர்ஸ் விரலிடுக்கெல்லாம் பார்த்தாள். "வலது காலைக் காட்டுங்க." அதுவும் அப்படியே, சாயம் மட்டும் பச்சை. "அருமையான கால். புண் எங்கங்க?"

மச்சான் திருதிருவென்று முழித்தான். டிரைவர் குனிந்து பார்த்தார். மூன்று பேரும் மைக் சாரைப் பார்த்தார்கள். கேட்டதற்கு உடனே பதில் சொல்லிப் பழகிய வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை.

"இவன் சின்னவன். நான் சொன்னது பெரிய மச்சான்."

"மாமா" என்றான் மச்சான் மெதுவாக. "எனக்கு அண்ணனே கிடையாதே."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்து, இன்னொரு மச்சானை எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வந்திருப்பார். நர்ஸ் மட்டும் அவருடைய கறுப்பு ஷூவைப் பார்த்தபடி, "முக்காலி காலியாகுது சார்" என்றாள்.

மச்சான் எழுந்து இடம் விட்டான். மைக் சார் உட்கார்ந்தார். கயிற்றை அவிழ்க்க நெடுநேரமானது. சாக்ஸ் வந்தபோது அறைக்குள் அந்த வாடையும் வந்தது. 'போல' எல்லாம் இல்லை, வாடையேதான். டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன மாமா இது" என்றான் மச்சான். அவனுக்குக் குரல் உடைந்தது. "என் பேரைச் சொன்னது போகட்டும். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"கண்ணை மூடுங்க சார்" என்றாள் நர்ஸ். "நைலான் நூலால உள்ளங்கால்ல அங்கங்க தொடுவேன். தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க."

மூடினார். காத்திருந்தார். சுவரில் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. ஒருவேளை நூலைத் தேடிக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. கொஞ்ச நேரம் பொறுத்து, "ஆரம்பிக்கலாங்க" என்றார்.

"முடிச்சுட்டேன் சார்."

கண்ணைத் திறந்தார். அவள் கையில் நூல் இருந்தது. மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தான்.

டாக்டர் வந்து புண்ணைச் சுத்தம் செய்தார். எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். விரல்குத்தி ரத்தம் பார்த்தபோது வந்த அளவைப் பார்த்து, "சர்க்கரை எங்கயும் போகல சார்" என்றாள் நர்ஸ். எக்ஸ்ரே வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். இடது காலை ஒரு நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார்கள், ஊன்றக் கூடாது.

"அக்காகிட்ட நான் பேசட்டா?" என்றான் மச்சான்.

"நானே பேசறேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு, வீட்டில் மணி அடிப்பதைக் கேட்டபோது, எப்படி அறிவிப்பது என்று ஒத்திகை பார்த்தார். அவள் எடுத்ததும் ஒத்திகை பறந்துவிட்டது. மாத்திரையில் தொடங்கி, ஷூவுக்குப் போய், மச்சானிடம் திரும்பி, விரலில் முடித்தார்.

"கேக்குதா?"

"எந்தக் கால்?" என்றாள்.

"இடது."

"எங்கயும் நகராம அங்கயே இருங்க. வரேன்."

வந்தவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. தரையில் மண்டியிட்டு அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, நர்ஸ் பக்கம் திரும்பிக் கேட்க ஆரம்பித்தாள். கட்டை யார் மாற்றுவது, குளிக்கும்போது என்ன செய்வது, மாத்திரை எப்போது, தூக்கத்தில் கால் இடித்துக்கொண்டால் எப்படித் தெரியும், எதைப் பார்த்தால் ஓடிவர வேண்டும். கேட்டதற்குப் பதில் வந்ததும் அதற்குள்ளிருந்தே அடுத்த கேள்வியை எடுத்தாள். டாக்டரின் அறையில் அவர் விழுங்கிவிட்டு வந்ததையெல்லாம் இவள் எங்கிருந்து பொறுக்கினாள் என்று தெரியாமல் மைக் சார் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பது என்றால் இப்படியா! அவர் கூண்டுக்கு முன்னால் இவள் வந்து நின்றிருந்தால் அன்றைக்கே வேலையை விட்டிருப்பார்.

கடைசியில் ஒன்றைக் கேட்கும் முன்னால் அவள் கொஞ்சம் நின்றாள். அது என்ன கேள்வி என்று அவருக்குத் தெரிந்தது. அதை மட்டும் அவள் தலையில் கட்டக் கூடாது என்று தோன்றியது.

"சிஸ்டர், நான் கேக்கறேன். எனக்குத்தான் கேக்கறேன். விரல் இருக்குமா?"

நர்ஸ் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டிய இடத்தை அவருக்கும் காட்டினாள். "எலும்பைத் தொடல. தொடறதுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. இன்னும் ரெண்டு மச்சானைக் கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா தொட்டிருக்கும். காலை ஊணாம, தினமும் கட்டு மாத்தி, மாத்திரையை விடாம இருந்தா இருக்கும்னு நம்பறோம். சத்தியம் பண்ண மாட்டேன்."

"ஊணாம எப்படிங்க வேலைக்குப் போவேன்?"

"உங்களுக்கு உக்காந்த வேலைதானே சார்?"

அது உண்மைதான். இத்தனை வருஷம் உட்கார்ந்தே காலைக் கெடுத்துக்கொண்டவன் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. அதைச் சொல்லவும் சொன்னார். மனைவி சிரிக்கவில்லை, மச்சான் சிரித்தான். டிரைவர், வாசல் வரைக்கும் வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளைக் கட்டுக்கு வெளியே சுண்டுவிரலின் நுனி மட்டும் கொஞ்சம் தெரிந்தது. இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மைக் சார் அதை மெல்ல அசைத்தார். அசைந்தது. இன்னொரு முறை அசைத்தார்.

"ஆட்டாதீங்க!" என்று நர்ஸும் மனைவியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.